குழந்தைக்கு மருந்து ஒத்துக்கொள்கிறதா? பக்கவிளைவுகளைக் கவனிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தைகளுக்கான மருந்தை எடுத்துக் கொடுத்து, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புகிற வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். கேள்விகள் பெரும்பாலும் அங்கே கேட்டவை. சில நள்ளிரவில் போனில் வந்தவை. ஒன்று, வீட்டில் எனக்கு நானே கேட்டுக்கொண்டது. உங்கள் குழந்தையைப் பார்க்கிற மருத்துவர் இதற்கு மாறாக ஏதாவது சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள். அவர் குழந்தையை நேரில் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை.

பக்கவிளைவு என்றால் அலர்ஜிதானே?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் வயிறு கொஞ்சம் இளகிப் போவது பக்கவிளைவு, ஏனென்றால் அந்த மருந்து குடலில் இருக்கிற நல்ல கிருமிகளையும் சேர்த்துக் கொல்கிறது. அதே ஆன்டிபயாடிக் கொடுத்த அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரித்தால் அது அலர்ஜி. மூன்றாவதாக ஒன்று உண்டு, அளவு கூடிப்போவது. வெளியிலிருந்து பார்க்க அதுவும் பக்கவிளைவு மாதிரியே இருக்கும்.

பிரித்துச் சொல்வது ஏன் முக்கியம் என்றால், வயிற்றுப்போக்கை அலர்ஜி என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அது மருத்துவக் குறிப்பில் ஏறி, ஆயுசுக்கும் கூடவே வரும். பென்சிலின் அலர்ஜி என்று எழுதப்பட்ட குழந்தைகளை முறையாகச் சோதித்துப் பார்த்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அந்த மருந்தைத் தாங்கிக்கொள்கிறார்கள். அதுவரை அவர்களுக்கு வேறு மருந்து, பல சமயம் தேவைக்கு மேல் வீரியமான மருந்து, போய்க்கொண்டிருக்கும்.

பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாத மருந்து குழந்தையை மட்டும் ஏன் படுத்துகிறது?

மருந்தை உடைத்து வெளியேற்றுகிற கல்லீரலும் சிறுநீரகமும் பிறந்த குழந்தைக்கு இன்னும் முழுதாக வேலைக்கு வரவில்லை. காபியில் இருக்கிற கஃபீன், வளர்ந்த ஆளின் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் போதும். பிறந்த குழந்தைக்கு அதற்கே மூன்று நான்கு நாள் ஆகும். 1950களில் குளோராம்பெனிகால் என்ற ஆன்டிபயாடிக்கைப் பச்சிளம் குழந்தைகளுக்குக் கொடுத்தபோது சிலருக்கு உடம்பு சாம்பல் நிறமாக மாறி, வயிறு உப்பி, இரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போனது. கல்லீரலால் அதைக் கழிக்க முடியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

சரி, அப்படியென்றால் குறைத்துக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். அதுவும் நேர்க்கணக்கு இல்லை. ஒன்றிரண்டு வயது தாண்டிய குழந்தை சில மருந்துகளைப் பெரியவர்களைவிட வேகமாகவே கழித்துவிடும், அப்போது கிலோவுக்கு இத்தனை என்ற கணக்கில் அளவு கூடக் கொடுக்க வேண்டியிருக்கும். இதோடு வளர்ச்சி என்கிற விஷயமும் சேர்கிறது. டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பல் உருவாகிற வயதில் போனால் பல்லில் நிரந்தரமாகக் கறை படியும், பெரியவர்களுக்கு அந்தக் கவலையே இல்லை. ஆஸ்பிரின் இன்னொன்று. சின்னம்மையோ ஃப்ளூவோ வந்த குழந்தைக்கு அதைக் கொடுத்தால் மூளையும் கல்லீரலும் சேர்ந்து பாதிக்கப்படுகிற ரை நோய் வரலாம். அந்த நோயை 1963ல் ஆஸ்திரேலியாவில் விவரித்தார்கள், ஆஸ்பிரினோடு அதற்குள்ள தொடர்பு தெளிவாகி எச்சரிக்கை வர 1980கள் ஆயின.

பேசவே தெரியாத குழந்தை. எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

எல்லாக் கேள்வியிலும் இதுதான் பெரியது. 'தலை சுற்றுது' என்று ஒன்றரை வயதுக் குழந்தை சொல்லாது. நடந்துகொண்டிருந்த குழந்தை திடீரென்று தூக்கச் சொல்லி அழும், சுவரைப் பிடிக்கும், இறக்கிவிட்டால் உட்கார்ந்துகொள்ளும். குமட்டல் என்றால் விரும்பிச் சாப்பிடுவதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வாய்ப்புண் என்றால் பசித்து அழும், பாலை உறிஞ்சத் தொடங்கியதும் விட்டுவிட்டு இன்னும் ஓங்கி அழும். நெஞ்சு படபடப்பு என்ற சொல்லுக்குப் பதிலாக, மூச்சிரைப்புக்கான சால்பியூட்டமால் கொடுத்த பிறகு விரல் நடுக்கமும் நிலைகொள்ளாமல் ஓடுவதும்தான் தெரியும்.

இதில் ஒரு சிக்கல். காய்ச்சல் குழந்தை எப்படியும் சிணுங்கும், சாப்பிடாது, தூங்கும். அதனால்தான் மருந்தின் முதல் டோஸுக்கு முன்னால் ஐந்து நிமிடம் ஒதுக்கி, இப்போது குழந்தை எப்படி இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். தூக்கம் எத்தனை மணி நேரம், நேற்று எத்தனை தடவை சிறுநீர் போனது, மலம் எப்படி, உடம்பில் ஏற்கெனவே புள்ளியோ தடிப்போ இருக்கிறதா. இது கையில் இல்லாவிட்டால் நான்காம் நாள் தெரிகிற மாற்றம் நோயால் வந்ததா மருந்தால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது, எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும்.

எழுத என்றால் எதை எழுதுவது? எனக்கு நேரமே இல்லை.

பெரிய நோட்டெல்லாம் வேண்டாம். மருந்து பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய ஒரு சீட்டு போதும். ஒரு தாய் கொண்டுவந்த சீட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'செவ்வாய் காலை 8, சிரப் 4 மில்லி. 8.40 வாந்தி, பால் மட்டும். இரவு 8, 4 மில்லி. புதன் காலை 8, 4 மில்லி. 9 மணிக்குத் தூங்கினான், 1 மணி வரை எழவில்லை, இப்படித் தூங்கமாட்டான்.' அவ்வளவுதான். 'மருந்து கொடுத்ததிலிருந்து ஒரு மாதிரியா இருக்கான்' என்று சொல்லியிருந்தால் அரை மணி நேரம் கேள்வி கேட்டுத்தான் இதையெல்லாம் வாங்கியிருக்க முடியும்.

சீட்டில் நேரம் இருப்பதுதான் உயிர்நாடி: மருந்து எப்போது போனது, மாற்றம் எப்போது தெரிந்தது, எப்போது அடங்கியது. கூடவே வேறு என்னென்ன கொடுத்தீர்கள் என்பதும் வேண்டும். சத்து டானிக், மூலிகைக் கஷாயம், தடவுகிற தைலம், மூக்குச் சொட்டு எல்லாம் இதில் சேரும். 'அது மருந்தில்லையே' என்று விட்டுவிடுகிறார்கள். குழந்தையின் தோல் மெல்லியது, எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பும் அதிகம், அதனால் தடவுகிறதும் உள்ளே போகும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தை என்றால் அம்மா சாப்பிடுகிற மாத்திரையையும் எழுதுங்கள்.

எத்தனை நாள் கண் வைத்திருக்க வேண்டும்?

மருந்தைப் பொறுத்தது. ஆனால் ஒரு மனக்கணக்கு சொல்லலாம். உயிருக்கு ஆபத்தான திடீர் அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வயிற்றுக் கோளாறு, தூக்கக் கலக்கம் முதல் இரண்டு மூன்று நாளில். தோலில் பரவுகிற சாதாரணப் புள்ளிகள் பெரும்பாலும் முதல் வாரத்தில். கடுமையான தோல் எதிர்வினைகள், முக்கியமாக சில வலிப்பு மருந்துகளால் வருபவை, இரண்டு வாரம், நான்கு வாரம், சிலசமயம் இரண்டு மாதம் கழித்துக்கூட வரும். 'இத்தனை நாள் ஒன்றும் செய்யவில்லையே, இப்போது எப்படி' என்று மருந்தைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது இங்கேதான் தப்பாகிறது.

எதற்கு உடனே ஓட வேண்டும்?

உதடு, நாக்கு, கண்ணிமை வீங்குவது, மூச்சு இழுப்பது, குரல் கரகரப்பது, தடிப்போடு சேர்ந்து திரும்பத் திரும்ப வாந்தி, குழந்தை துவண்டு போவது. இவற்றில் எது வந்தாலும் போனில் யோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அடுத்த டோஸை மறந்துவிடுங்கள். துவண்ட குழந்தையை நிற்கவைக்கவோ நடக்கவைக்கவோ வேண்டாம். மூச்சுக்குத் திணறினால் உட்கார்ந்தபடி இருக்கட்டும், இல்லையென்றால் படுக்கட்டும்.

அடுத்தது அமைதியாக வருவது. காய்ச்சலோடு வாய் புண்ணாகி, கண் சிவந்து, தோலைத் தொட்டாலே வலித்து, கொப்புளம் கிளம்பினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது. கண் மஞ்சளிப்பது, எழுப்பியும் எழாத தூக்கம், எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, மலத்தில் இரத்தம் ஆகியவையும் இதே வரிசைதான்.

ஆன்டிபயாடிக் ஐந்தாறு நாள் போன பிறகு உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. நிறுத்திவிடவா?

அமாக்ஸிசிலினில் இது ரொம்பச் சகஜம். தட்டையான புள்ளிகள், வயிறு முதுகில் தொடங்கிப் பரவும், அதிகம் அரிக்காது, குழந்தை பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருக்கும். பல சமயம் இது உண்மையான அலர்ஜி இல்லை, வைரஸ் காய்ச்சலின் புள்ளியாகவே இருக்கலாம். மேடு மேடாக, கொசு கடித்த மாதிரி தடித்து, ஓர் இடத்தில் மறைந்து வேறு இடத்தில் கிளம்பி, பிடுங்கி எடுக்கிற மாதிரி அரித்தால் கதை வேறு. இரண்டில் எது என்று தெரியாவிட்டால் அடுத்த டோஸுக்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். வெளிச்சத்தில் நாலு போட்டோ எடுத்து வையுங்கள், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் தடிப்பு மறைந்துவிடுகிற வழக்கம் உண்டு. கருத்த தோலில் சிவப்பு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, கையால் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு தெரியும்.

வாந்திக்கு மருந்து கொடுத்தோம், கழுத்து ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலிப்பா?

இதைத்தான் நானே கேட்டுக்கொண்டேன் என்றேன். என் பெண்ணுக்கு அப்போது ஆறு வயது. விடாத வாந்தி, மெட்டோகுளோப்ரமைடு எழுதித் தந்தார்கள், கொடுத்தோம். அன்று மாலை கழுத்து பின்பக்கமாகத் திருகி, கண் மேலே செருகி, நாக்கு தடித்த மாதிரி பேச்சு குழறியது. ஆனால் நினைவு இருந்தது, 'அப்பா எங்கே' என்று கேட்கிறாள், கேட்கும்போதே கழுத்து திரும்புகிறது. இந்த மருந்துக்கு இப்படி ஒரு விளைவு உண்டு, பெரியவர்களைவிடச் சின்னவர்களுக்கு அதிகம் என்று படித்துத் தேறியிருந்தும், அந்த நேரத்தில் எனக்கு வலிப்பு என்ற ஒரே சொல்தான் மண்டைக்குள் ஓடியது. போன இடத்தில் இருந்த மருத்துவர் முதலில் கேட்டதே 'வாந்திக்கு என்ன கொடுத்தீர்கள்' என்பதுதான். ஓர் ஊசி போட்டார், பத்துப் பதினைந்து நிமிடத்தில் கழுத்து தளர்ந்து தூங்கிவிட்டாள்.

பயமுறுத்துகிற விளைவு, ஆனால் ஆளைக் கொல்கிற ரகம் பெரும்பாலும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும், போகும்போது பாட்டிலை எடுத்துக்கொண்டு போங்கள். நான் மறந்துவிட்டுத்தான் போனேன்.

பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் பயப்பட வேண்டாதது ஏதாவது உண்டா?

காசநோய்க்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின் சிறுநீரையும் கண்ணீரையும் ஆரஞ்சு சிவப்பாக்கும். இரும்புச் சத்து மருந்தால் மலம் கறுக்கும். செஃப்டினிர் என்ற ஆன்டிபயாடிக்கோடு இரும்புச் சத்து சேர்ந்தால் மலம் செங்கல் நிறத்தில் போகும், இரத்தம் என்று நினைத்து அலறியடித்து வந்தவர்கள் உண்டு. சளி மருந்து தூக்கம் வரவைக்கும் என்று பார்த்தால் சில குழந்தைகளை அது நேர்மாறாக உசுப்பிவிட்டு இரவு இரண்டு மணிக்குக் குதிக்கவைக்கும். அது மருந்தின் குணம், குழந்தையின் சேட்டை இல்லை. ஆனாலும் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அளவு சரியாகத்தான் கொடுக்கிறேன். அதையும் சந்தேகப்பட வேண்டுமா?

முதலில் அதைத்தான் சந்தேகப்படுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். 10 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால் ஒரு டோஸ் 150 மில்லிகிராம். 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிற சிரப் என்றால் 6.25 மில்லி கொடுக்க வேண்டும். 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கிற சொட்டு மருந்து என்றால் 1.5 மில்லிதான். சிரப் தீர்ந்துபோய், வீட்டில் கிடந்த சொட்டு மருந்தை அதே 6.25 மில்லி அளந்து கொடுத்தால் உள்ளே போவது 625 மில்லிகிராம், அதாவது நாலு பங்குக்கு மேல். ஒரே டோஸோடு நின்றால் கல்லீரல் பெரும்பாலும் தாங்கும். இப்படி ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு நாள் போனால் தாங்காது. தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே மருத்துவரைக் கூப்பிடுங்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அதனால் மருந்துச் சீட்டில் 'மில்லி' மட்டும் இருந்தால் எத்தனை மில்லிகிராம் என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சமையலறைக் கரண்டியை விட்டுவிட்டு, கோடு போட்ட, ஊசியில்லாத சிரிஞ்சில் அளங்கள். சளிக்கும் காய்ச்சலுக்கும் சேர்த்து வருகிற கூட்டு சிரப்பில் பாரசிட்டமால் ஏற்கெனவே இருக்கலாம், லேபிளைப் படியுங்கள்.

கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டான். மறுபடி கொடுக்கலாமா?

பாரசிட்டமால் மாதிரி மருந்து என்றால், கால் மணி நேரத்துக்குள் அப்படியே வெளியே வந்துவிட்டால் பொதுவாகத் திரும்பக் கொடுப்பார்கள். அரை மணி நேரம் தாண்டிவிட்டால் கொடுக்க வேண்டாம். வலிப்பு மருந்து, இதய மருந்து என்றால் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் நானே நிறுத்திவிடலாமா?

தடிப்பும் வீக்கமும் என்றால் நிறுத்திவிட்டுத்தான் மருத்துவரைத் தேட வேண்டும். ஆனால் வலிப்பு மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு முன்னைவிட மோசமாக, நிற்காமல் வரலாம். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட குழந்தையின் உடம்பு, தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் நிறுத்தி வைத்திருக்கும், திடீரென்று விட்டால் குழந்தை சுருண்டுவிடும். இந்த இரண்டிலும் அன்றைக்கே கேட்டுத்தான் எதையும் செய்ய வேண்டும். வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிற குழந்தை, குறிப்பாக இரண்டு வயதுக்குக் கீழே, வாந்தியும் அசாத்தியத் தூக்கமும் சாப்பாட்டு வெறுப்புமாக இருந்தால் கல்லீரலைப் பார்க்கச் சொல்லி அன்றே போங்கள்.

மாதக்கணக்கில் மருந்து. என்ன சோதனை கேட்க வேண்டும்?

இரத்தப் பரிசோதனைக்கு முன்னால் உயரமும் எடையும். இரண்டையும் வளர்ச்சி அட்டையில் குறித்துக்கொண்டே வாருங்கள். கவனக்குறைவுக்குக் கொடுக்கிற மெத்தில்பெனிடேட் பசியைக் குறைக்கும், அதில் இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கான ஸ்டீராய்டு இன்ஹேலர் முதல் வருடத்தில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ச்சியைக் குறைக்கலாம். அதற்குப் பயந்து இன்ஹேலரை நிறுத்தி மூச்சுத்திணறலில் கொண்டுவருவது எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லாத விஷயம். இன்ஹேலர் எடுத்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்துகிற குழாய்) வைத்துக் கொடுங்கள், குறைந்த அளவில் ஓட்ட முடியுமா என்று கேளுங்கள்.

மனநிலையையும் கவனியுங்கள். மூச்சிரைப்புக்குக் கொடுக்கிற மான்டிலூகாஸ்ட் சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு எல்லாம் கொண்டுவரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல் தன் கடுமையான கட்டம் போட்ட எச்சரிக்கையை அதில் போட்டது. 'பள்ளிக்கூடத்தில் ஏதோ பிரச்சினை போல' என்று மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருப்போம், காரணம் இரவு படுக்கும்முன் கொடுக்கிற மாத்திரையாக இருக்கும்.

மருந்துதான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் நூறு சதவீதம் சொல்வதில்லை, வாய்ப்பு எவ்வளவு என்றுதான் சொல்கிறார்கள். 1981ல் வந்த நரான்ஹோ அளவுகோலில் பத்துக் கேள்விகள் இருக்கின்றன. மருந்துக்குப் பிறகுதான் வந்ததா, நிறுத்தியதும் குறைந்ததா, திரும்பக் கொடுத்தபோது திரும்ப வந்ததா, வேறு காரணம் இருக்க முடியுமா, இப்படிப் போகும், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். உங்கள் ரப்பர் பேண்டு சீட்டு இதில் பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடும். 'திரும்பக் கொடுத்துப் பார்ப்பது' மட்டும் வீட்டில் செய்கிற சோதனை இல்லை.

மேலே யாருக்காவது தெரிவிக்க வேண்டுமா? மருத்துவர் மேல் புகார் மாதிரி ஆகிவிடாதா?

ஆகாது. அது மருந்தைப் பற்றிய தகவல், ஆளைப் பற்றியது இல்லை. தாலிடோமைடு என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் சாப்பிட்டு, கைகால் வளராத குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிறந்த பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. 1961ல் ஜெர்மனியில் லென்ஸ் என்ற மருத்துவரும் ஆஸ்திரேலியாவில் மெக்பிரைடு என்ற மருத்துவரும் தனித்தனியாகச் சந்தேகத்தை எழுப்பினார்கள். 1964ல் பிரிட்டன், பக்கவிளைவுகளைத் தெரிவிப்பதற்கான மஞ்சள் அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது, 1968ல் உலக சுகாதார நிறுவனம் பத்து நாடுகளோடு சர்வதேசத் திட்டத்தை ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலான நாடுகளில் இதற்கென்று தேசிய மையம் இருக்கிறது, பல இடங்களில் பெற்றோரே நேரடியாக எழுதலாம்.

குழந்தைகள் விஷயத்தில் இது இன்னும் தேவை. மருந்துச் சோதனைகளில் குழந்தைகள் குறைவு, அதனால் நிறைய மருந்துகள் குழந்தைக்கென்று ஒப்புதல் பெறாமலே அனுபவத்தின் பேரில் கொடுக்கப்படுகின்றன. பத்தாயிரத்தில் ஒருவருக்கு வருகிற விளைவை ஒரு தடவையாவது பார்த்துவிட 95 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால் முப்பதாயிரம் பேருக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குழந்தைகளிடம் அவ்வளவு பெரிய சோதனை அபூர்வம். வலிக்குக் கொடுக்கிற கோடீன் சில குழந்தைகளின் உடம்பில் அதிவேகமாக மார்பினாக மாறி மூச்சை அடக்கிவிடுகிறது என்பது, தொண்டை டான்சில் அறுவைக்குப் பிறகு நடந்த மரணங்கள் பதிவாகிச் சேர்ந்த பிறகுதான் 2013ல் கட்டுப்பாடாக மாறியது.

எழுத நிரூபணம் வேண்டியதில்லை, சந்தேகம் போதும். நான்கு விவரம் இருந்தால் அறிக்கை செல்லுபடியாகும்: யாருக்கு (பெயர் வேண்டாம், வயதும் எடையும் போதும்), எந்த மருந்து, என்ன நடந்தது, யார் தெரிவிக்கிறார்கள். பேட்ச் எண்ணும் இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கோளாறு மருந்திலா அந்த ஒரு தயாரிப்பிலா என்று அதை வைத்துத்தான் பிரிக்க முடியும். அது லேபிளிலோ அட்டைப்பெட்டியின் ஓரத்திலோ அச்சிட்டிருக்கும். மீதி மருந்தைக் கொட்டிவிட்டுப் பாட்டிலைக் கழுவிவிடாதீர்கள்.